குருதி எந்தப் படியில் நிற்கிறது? உடலின் ஒழுங்கமைப்பில் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

கலம், இழையம், அங்கம், தொகுதி, அங்கி (முழு உயிரி). வெள்ளவத்தையில் நான் விஞ்ஞானம் படிப்பிக்கும் பிள்ளைகள் எல்லோரும் இந்த வரிசையை மூச்சுவிடாமல் ஒப்புவிப்பார்கள். ஆனால் "சரி, குருதி இதில் எது?" என்று கேட்டால் வகுப்பு அடங்கிவிடும். சிலர் கலம் என்பார்கள், சிலர் தொகுதி என்பார்கள்.

குருதி ஓர் இழையம். மற்ற இழையங்களை இணைத்துத் தாங்கும் தொடுப்பிழைய வகையைச் சேர்ந்தது. ஓடுகிற ஒன்றை இழையம் என்று நம்பப் பிள்ளைகளுக்கு மனம் வருவதில்லை. "ஒரே மாதிரியான கலங்களின் கூட்டம்" என்று பாதி வரைவிலக்கணத்தைப் பாடமாக்குவதுதான் காரணம். கலங்களைச் சூழ்ந்திருக்கும் பொருளும் இழையத்தில் அடங்கும். என்பில் அது கல்சியம் ஏறி இறுகியிருக்கிறது, குருதியில் பிளாஸ்மா என்ற திரவமாக ஓடுகிறது. வெசாக் காலத்து இரத்ததான முகாமில் எடுக்கும் பையை நினைத்துப் பாருங்கள். அதை வேகமாகச் சுழற்றினால் செங்குழியங்கள் அடியில் படியும், வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா மேலே தெளியும். பாதிக்குச் சற்றுக் கூடுதலாகவே பிளாஸ்மா இருக்கும்.

எல்லாக் கலத்திலும் கரு உண்டு என்று எழுதுவதும் பிழை. முதிர்ந்த செங்குழியத்தில் கரு இல்லை. அப்படியே ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்கிறது. டெங்குக் காலத்தில் கொழும்பில் வீட்டுக்கு வீடு எண்ணிக்கை விசாரிக்கிறோமே, அந்தப் பிளேட்லெட் முழுக் கலமே இல்லை. என்பு மச்சையிலுள்ள ஒரு பெரிய கலத்திலிருந்து உடைந்து வரும் துண்டு அது.

அடுத்தது, "இதயம் தசையால் ஆனது" என்று எழுதி நிறுத்திவிடுவது. போன தவணை இறைச்சிக்கடையில் ஓர் ஆட்டு இதயம் வாங்கி வந்து வகுப்பில் வெட்டிக் காட்டினேன். வெளியே மஞ்சளாய்க் கொழுப்பு. உள்ளே தடித்த சிவப்புத் தசை. வால்வைப் பிடித்து இழுத்தபடி வெள்ளை நூல்கள். ஒரு பிள்ளை விரலால் இழுத்துப் பார்த்தாள், அறவில்லை. அது தொடுப்பிழையம். அறையின் உட்சுவர் வழுவழு என்று மின்னியது. அது பரப்புகளை மூடும் மெல்லிய மேலணி இழையம். நரம்பிழையமும் உண்டு, கண்ணுக்குத்தான் தெரியாது. பல வகை இழையங்கள் சேர்ந்து ஒரு வேலையைச் செய்வதால்தான் இதயம் அங்கமாகிறது. தோலும் அப்படித்தான் ஓர் அங்கம். அதை இழையம் என்று எழுதிப் புள்ளியை இழக்காதீர்கள்.

அப்புறம், சொற்கள். யூடியூபில் தமிழ்நாட்டுப் பாடங்களைப் பார்ப்பது நல்லதுதான். அங்கே செல், திசு, உறுப்பு, மண்டலம் என்பார்கள். எங்கள் புத்தகத்தில் அவையே கலம், இழையம், அங்கம், தொகுதி. ஒரே விடையில் இரண்டையும் கலந்து எழுதினால் நீங்களே குழம்பிப்போவீர்கள்.

ஓர் அங்கத்துக்கு ஒரு தொகுதிதான் என்று நினைப்பதும் பெரிய தவறு. "அம்மாவுக்குச் சீனி வருத்தம். அது சமிபாட்டுத் தொகுதியில் வந்த வருத்தமா, மிஸ்?" என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. இரைப்பைக்குப் பின்னால் கிடக்கும் சதையி என்ற சுரப்பியின் பெரும்பகுதி சமிபாட்டுச் சாற்றைச் சுரந்து, கான் வழியே முன்சிறுகுடலுக்கு அனுப்புகிறது. அதற்குள்ளேயே அங்கங்கே சிதறிக் கிடக்கும் லாங்கர்ஹான்ஸ் சிறுதீவுகள் இன்சுலினை நேரே குருதிக்குள் விடுகின்றன. அந்த வேலையால் சதையி, ஹோர்மோன்களைக் குருதியில் விடும் அகஞ்சுரக்கும் தொகுதிக்கும் உரியது. அவன் அம்மாவின் வருத்தம் இந்த இன்சுலின் பக்கத்தைச் சேர்ந்தது.