பட்டாம்பூச்சி வேண்டும், புழு வேண்டாமா? கோடையில் நாம் செய்யும் தவறுகள்

சித்திரை பிறந்தால் போதும், நர்சரிகளில் "பட்டாம்பூச்சி வர்ற செடி இருக்கா?" என்ற கேள்வி கேட்க ஆரம்பித்துவிடும். இட்லிப்பூவும் நித்தியகல்யாணியும் வாங்கிவந்து வைப்போம். தேன் குடிக்கப் பட்டாம்பூச்சி வரும், நமக்கும் சந்தோஷம். ஆனால் அது முட்டையிடுவது வேறு செடியில். அங்கேதான் பெரிய தவறு நடக்கிறது.

கறிவேப்பிலைக் கொழுந்தைத் திருப்பிப் பாருங்கள். கடுகைவிடச் சின்னதாக, வெளிர்மஞ்சள் உருண்டை ஒன்று ஒட்டியிருக்கலாம். அதிலிருந்து வரும் புழு முதலில் காக்கை எச்சம் மாதிரி பழுப்பும் வெள்ளையுமாக இருக்கும். வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறிவிடும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைபோல இரண்டு கொம்பு நீட்டும், ஒரு நெடியும் அடிக்கும். அவ்வளவுதான் அதன் ஆயுதம். கடிக்காது, அரிக்காது. முருங்கையில் கொத்துக் கொத்தாக இருக்கும் கம்பளிப்பூச்சி வேறு. அது அந்துப்பூச்சியின் புழு, பட்டால் அரிக்கும். அந்தப் பயத்தில் இந்த வழவழப்பான பச்சைப் புழுவையும் நசுக்கிப் போடுகிறோம். எலுமிச்சைக் கன்றிலும் இதே கதைதான். தொட்டிச் செடி மொட்டையாகிவிடும் என்று கவலைப்பட்டால் இரண்டு மூன்று கன்றாக வையுங்கள். இலை தீர்ந்தால் புழுவைக் காம்போடு எடுத்து அடுத்த கன்றில் விடலாம். மொட்டையான கன்றும் பெரும்பாலும் மறுபடி துளிர்க்கும்.

"நான் ரசாயனம் அடிப்பதில்லை, வேப்பெண்ணெய் மட்டும்தான்" என்பவர்கள் உண்டு. வேப்பெண்ணெய் புழுவைத் தோலுரிக்க விடாமல் செய்யும். செடியின் சாற்றை உறிஞ்சும் அஸ்வினிப் பூச்சிக்கும் பட்டாம்பூச்சிப் புழுவுக்கும் அது வித்தியாசம் பார்ப்பதில்லை. அடித்தே ஆகவேண்டும் என்றால் புழு இல்லாத செடியில், பூச்சி உள்ள இடத்தில் மட்டும் அடியுங்கள்.

கோடை விடுமுறையில் காலிமனையைச் சுத்தம் செய்வதும் இப்படித்தான். எருக்கை வெட்டினால், ஆரஞ்சு நிறத்தில் மெதுவாகப் பறக்கும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போச்சு. ஆடுதீண்டாப்பாளையைப் பிடுங்கினால், கறுப்பு இறக்கையும் சிவப்பு உடலுமாக வரும் சிவப்புடல் அழகிக்கு முட்டையிட இடமில்லை. இந்த இலைகளின் நஞ்சு புழுவின் உடம்பில் சேர்ந்து, இறக்கை முளைத்த பிறகும் பறவைகளிடமிருந்து காப்பாற்றுகிறது. கிலுகிலுப்பைச் செடியும் தேள்கொடுக்குச் செடியும் காய்ந்து நின்றால்கூட விட்டுவைக்கச் சொல்வேன். வரியன்களின் ஆண் பூச்சிகள் அவற்றை மொய்த்து உறிஞ்சும் சத்திலிருந்துதான் பெண்ணை ஈர்க்கும் வாசனை பிறக்கிறது. உண்ணிச்செடியை மட்டும் புதிதாக நடாதீர்கள். தேன் தரும், உண்மைதான். ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்து நம் காடுகளை மூடிக்கொண்டிருக்கும் செடி அது.

அப்புறம் தண்ணீர். குருவிக்கு வைக்கும் ஆழமான கிண்ணம் பட்டாம்பூச்சிக்குப் பயன்படாது. தட்டில் மணல் போட்டு நனைத்து வையுங்கள், ஈரத்திலிருந்து உப்பை உறிஞ்சும். மேட்டுப்பாளையம் கல்லாறு மாதிரி இடங்களில் ஓடைக்கரை ஈரத்தில் கூட்டமாக உட்கார்ந்திருப்பதும் இதற்காகத்தான். பறக்கும் காட்சி வீடியோவில் வரவேண்டும் என்று கைதட்டிக் கூட்டத்தைக் கலைப்பதைப் பார்த்தால் எனக்கு வேதனையாக இருக்கும். நம் நிழல் மேலே விழாமல் பக்கவாட்டில் மெதுவாக நெருங்கினால் அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரை நீல வரியன்களும் அவற்றின் உறவுக்காரப் பூச்சிகளும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து சமவெளிப்பக்கம் கூட்டமாக வலசை போகும். சாலையைக் கடக்கும்போது வண்டிகளில் அடிபடும், கொஞ்சம் வேகத்தைக் குறையுங்கள்.

கடைசியாக, கூட்டுப்புழு. அரளி இலைக்கு அடியில் வெள்ளிபோல மினுங்கித் தொங்குவதைப் பார்த்து வீட்டுக்குள் எடுத்து வராதீர்கள். கூட்டின் தோல் கண்ணாடிபோலத் தெளிந்து உள்ளே இறக்கை நிறம் தெரிந்தால் பூச்சி வெளிவரும் நேரம் நெருங்கிவிட்டது. வெளியே வந்ததும் கசங்கிய துணிபோலத்தான் தொங்கும். பாவம், மாட்டிக்கொண்டதோ என்று விரலால் இழுத்தால் இறக்கை விரியாமலே போய்விடும். உடம்பிலிருந்து இறக்கைக்கு நீர் ஏறி, விரிந்து, காயக் கொஞ்ச நேரமாகும். அதுவரை பூனையோ எறும்போ அண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.