மேப்புக்கு உங்கள் லாரியின் உயரம் தெரியாது: டிரைவர்கள் செய்யும் தவறுகள்

போனில் கூகுள் மேப்ஸைத் திறந்து, இறக்க வேண்டிய இடத்தைப் போட்டுக் கிளம்பும்போதே முதல் தவறு நடந்துவிடுகிறது. அதில் காருக்கு வழி கேட்கலாம், பைக்குக்குக் கேட்கலாம், நடந்து போகவும் கேட்கலாம். லாரி என்று ஒரு பொத்தான் கிடையாது. நீங்கள் இழுத்துக்கொண்டு போவது நீள டிரெய்லர் என்றாலும் அதன் கணக்கில் நீங்கள் ஒரு கார்தான்.

லாரிக்கென்றே கார்மின், டாம்டாம் போன்ற நிறுவனங்கள் தனிக் கருவிகள் விற்கின்றன. உயரம், அகலம், நீளம், எடை, சரக்கு அபாயகரமானதா என்பதையெல்லாம் அதில் பதியலாம். வாங்கி மாட்டியதோடு வேலை முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அளவைப் பதியாத லாரி கருவியும் கார் மேப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான். லோடு மாறும்போதெல்லாம் டேப் பிடித்து உச்சி வரை அளந்து, புதிதாகப் போட வேண்டும். தார்ப்பாய்க்கு மேலே துருத்தும் கம்பியும் உயரத்தில் சேர்த்தி.

பதியும்போது ஒரு பொடி விஷயம் ஆளைக் கவிழ்க்கும். 13 அடி 10 அங்குலத்தை 13.10 என்று அடித்தால், தசமத்தில் கேட்கும் கருவி அதை 13 அடி ஒரு அங்குலம் என்று எடுத்துக்கொள்ளும். சரியான எண் 13.83. கிட்டத்தட்ட ஒன்பது அங்குலம் காணாமல் போகிறது. பாலத்தில் தட்ட அது தாராளம். மீட்டரில் அளந்து மீட்டரிலேயே பதிந்தால் இந்த வம்பே இல்லை.

இன்னொன்று, போகும்போது நுழைந்த பாலத்தில் திரும்பும்போதும் நுழையலாம் என்ற நம்பிக்கை. லோடு இறங்கியதும் கமான் பட்டை நிமிர்ந்து வண்டி கொஞ்சம் உயர்ந்துவிடும். பழைய சாலைமேல் புதுத் தார் போட்டிருந்தால் கீழேயும் இடைவெளி குறைந்திருக்கும். மேப்பில் உள்ள எண்ணும் பாலத்துப் பலகையில் உள்ள எண்ணும் வேறுபட்டால் குறைந்ததை நம்புங்கள். பலகை இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்காவின் டர்ஹம் நகரில் ஒரு ரயில் பாலம் இருக்கிறது. 11 அடி 8 அங்குல உயரம். எச்சரிக்கை விளக்கு எரிந்தும் லாரிகளின் கூரையை வரிசையாக உரித்தது. 2019-இல் 12 அடி 4 அங்குலமாக உயர்த்தினார்கள். அதன் பிறகும் இடி நிற்கவில்லை.

'லொகேஷன் அனுப்பிட்டேன்' என்பதை அப்படியே நம்பிப் போவதும் சிக்கல். அந்தப் புள்ளி பெரும்பாலும் அலுவலக வாசலில் விழும். லாரி நுழையும் கேட் பின்பக்கத் தெருவில் இருக்கும். கிளம்பும் முன் 'கனரக வண்டி எந்த கேட்?' என்று ஒரு போன் போட்டுவிடுங்கள். பிறகு கடைசி ஒரு கிலோமீட்டரைச் செயற்கைக்கோள் படத்தில் பாருங்கள். திருப்ப இடம் இருக்கிறதா, மரக்கிளை தெருவை மூடுகிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

மேம்பாலமும் அதன் அடியில் சர்வீஸ் ரோடும் ஒட்டி ஓடும் இடத்தில் நீலப் புள்ளியை நம்பக் கூடாது. திறந்த வெளியிலேயே போனின் ஜிபிஎஸ் நாலைந்து மீட்டர் தள்ளிக் காட்டும். மேலே இருக்கிறீர்களா கீழே இருக்கிறீர்களா என்று அதற்குக் குழப்பம் வரும். அங்கே சாலைப் பலகைதான் வழிகாட்டி.

வந்து சேரும் நேரமும் கார் வேகத்தில் போட்ட கணக்குதான். ஏற்றத்தில் லோடு வண்டி தவழ்வதோ, நீங்கள் ஓய்வெடுப்பதோ அதில் இல்லை. அந்த நேரத்தை முதலாளியிடம் சொல்லிவிட்டு, அதை எட்டுவதற்காக மிதிக்காதீர்கள். ஓடிக்கொண்டே இடத்தைத் தட்டுவதும் வேண்டாம். 80 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி திரையைப் பார்த்தால் வண்டி 44 மீட்டர் போயிருக்கும். சார்ஜர் வாங்கும்போது அதன்மேல் 12-24 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். பல கனரக வண்டிகளில் 24 வோல்ட் என்பதால் 12 வோல்ட்டுக்கு மட்டுமான கார் சார்ஜர் புகைந்துவிடலாம்.

என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விட ஆபத்தானது நடுவழியில் வரும் 'நான்கு நிமிடம் மிச்சம்' என்ற குறுக்குவழி. ஒரு முறை நானும் ஆசைப்பட்டுத் திரும்பினேன். போகப் போகச் சாலை ஒடுங்கி, இரு பக்கமும் வாய்க்கால். கிளீனரைப் பின்னால் நிறுத்தி, அவன் கை சொன்னபடி ரிவர்ஸிலேயே பிரதான சாலைக்கு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இப்போது திருப்பம் தவறினாலும் 'யூ-டர்ன் எடுக்கவும்' என்பதைக் கேட்பதில்லை; லாரி திரும்பும் அளவுக்கு இடம் வரும் வரை நேராகத்தான் போகிறேன். அன்றைக்கு ரிவர்ஸில் வந்த அந்த ஒரு மணி நேரமும் மேப் 'நேராகச் செல்லவும்' என்றே சொல்லிக்கொண்டிருந்தது.