இணையவழியில் பொறியியல் வடிவமைப்பு: காகிதப் பாலத்தில் தொடங்குங்கள்

மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்குப் பொறியியல் வடிவமைப்பை இணையவழியில் கற்பிக்கும் ஆசிரியர், முப்பரிமாண மென்பொருளைத் திறப்பதற்கு முன், வீட்டுப் பொருள்களால் தீர்க்கக்கூடிய ஒரு சிக்கலைக் கொடுப்பது நல்லது. ஐந்து ஏ4 தாள்களையும் பசையையும் கொண்டு, 30 செ.மீ. இடைவெளியில் வைத்த இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே பாலம் கட்டச் சொல்லுங்கள். ஏ4 தாளின் நீளம் 29.7 செ.மீ. மட்டுமே என்பதால், நீளவாக்கில் வைத்த ஒற்றைத் தாள் எட்டாது. மூலைவிட்டமாகச் சுருட்டுவதா, தாள்களை ஒட்டிச் சேர்ப்பதா என்று மாணவரே யோசிக்க நேரும். (இந்தக் குறைவை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.)

எடைக்கற்கள் தேவையில்லை. பாலத்தின் நடுவில் தொங்கும் குப்பியில் 100 மி.லி. வீதம் தண்ணீர் ஊற்றினால், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 100 கிராம் சுமை கூடும். பாலம் சரிவதைக் கைப்பேசியில் காணொளியாகப் பதிவு செய்து, மெதுவாக ஓட்டிப் பார்த்து, முதலில் மடங்கிய இடத்தைக் குறிப்பேட்டில் வரையச் செய்ய வேண்டும். மதிப்பெண்ணில் பெரும்பங்கு, தாங்கிய எடைக்கன்று, இந்தக் குறிப்புக்கும் அதை வைத்துத் திருத்திக் கட்டிய இரண்டாம் பாலத்துக்குமே உரியது என்பது என் கருத்து.

அதன்பின், உலாவியிலேயே கட்டணமின்றி இயங்கும் முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளான டிங்கர்கேடில் (Tinkercad) அவ்வடிவத்தை அளவோடு வரையச் செய்யலாம். கணினி இல்லாதவர்கள் கட்டம் போட்ட தாளில் மேல், முன், பக்கத் தோற்றங்களை வரைந்து படமெடுத்து அனுப்பினால் போதும்.