ஸ்டென்ட் வைக்க வேண்டியவருக்கு ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளவில்லை என்றால்

கேஸ் ஷீட்டில் ‘ஆஸ்பிரின் அலர்ஜி’ என்று இருந்தால், மருந்தை விலக்கும் முன் நோயாளியிடம் நடந்ததை விவரமாகக் கேளுங்கள். வயிற்றெரிச்சல், குமட்டல் எல்லாம் ஒவ்வாமை அல்ல. மலம் கறுத்துப் போனது ரத்தக்கசிவு. அதற்கு வேறு வழியில் பார்க்க வேண்டும். உடல் முழுக்கத் தடிப்பு, உதடு அல்லது கண்ணிமை வீக்கம், மூச்சு இழுப்பு (வீசிங்) என்றால்தான் ஒவ்வாமை. ஆஸ்துமாவோடு மூக்கில் சதை வளர்ச்சியும் உள்ளவர்களிடம் இழுப்பு அதிகம் வரும்.

தோல் உரிந்து, வாய்ப்புண்ணோடு காய்ச்சலும் வந்ததாகச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். ஸ்டீவன்ஸ் ஜான்சன் போன்ற அந்த வகைக்கு ஆஸ்பிரினைச் சிறிது சிறிதாகக் கொடுத்து உடலுக்குப் பழக்கவே கூடாது.

மற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஒரே நாளில் பழக்கிவிடலாம். மிகச் சிறிய அளவில் தொடங்கி, ஐந்தரை மணி நேரத்தில் முழு அளவுக்குக் கொண்டுபோகும் முறை இது. இத்தாலிய மருத்துவர்கள் பரவலாகக் கையாண்டது. வீட்டில் ஒருபோதும் செய்யக்கூடாது. ஐசியூவில், ஈசிஜி மானிட்டர், கையில் ஐவி லைன், பக்கத்தில் அட்ரினலின், நெபுலைசர் எல்லாம் தயாராக இருக்கும்போதுதான்.

கரைசலுக்கு, மேற்பூச்சு இல்லாத 100 மி.கி. மாத்திரையைப் பொடித்து 100 மி.லி. தண்ணீரில் கலக்குங்கள். ஒரு மி.லி.யில் ஒரு மி.கி. எகோஸ்ப்ரின் போன்ற குடலில் கரையும் மாத்திரை இதற்கு ஆகாது: மருந்து தாமதமாக உடலில் சேருவதால், எதிர்விளைவு எந்த டோஸால் வந்தது என்றே தெரியாமல் போகும். ஆஸ்பிரின் தண்ணீரில் நெடுநேரம் நிலைக்காது. அன்றன்று கலக்கி, ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கிவிட்டு சிரிஞ்சில் எடுங்கள்.

தொடக்கத்தில் 1 மி.கி., 30-வது நிமிடம் 5, 60-ல் 10, 90-ல் 20, 210-ல் 40, 330-ல் 100 மி.கி. முதல் ஐந்துக்கு மொத்தம் 76 மி.லி. போதும், கடைசிக்கு முழு மாத்திரை. ஒவ்வொரு டோஸுக்கு முன்னும் பி.பி., நாடி, ஆக்சிஜன் அளவு பாருங்கள், தோலைப் பாருங்கள், நெஞ்சில் இழுப்புச் சத்தம் கேளுங்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு ஊதும் பரிசோதனையில் எஃப்இவி1 (முதல் நொடியில் ஊதி வெளியேற்றும் காற்று) எதிர்பார்க்கும் அளவில் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மட்டும் தொடங்குங்கள்.

லேசான தடிப்பு வந்தால் ஆன்டிஹிஸ்டமின் கொடுத்து, அடங்கிய பின் அதே டோஸைத் திரும்பக் கொடுக்கலாம். மூச்சுத்திணறலோ பி.பி. சரிவோ வந்தால் நிறுத்திவிட்டு, 1:1000 அட்ரினலின் 0.5 மி.லி.யைத் தொடைத் தசையில் போடுங்கள். இதயநோயாளி என்பதற்காகத் தயங்காதீர்கள். பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) எடுப்பவருக்கு அட்ரினலின் சரியாக வேலை செய்யாது. அதனால் குளுக்ககான் ஊசி கையிருப்பில் இருக்கட்டும்.

அவசர மாரடைப்பில் இதற்காகக் காத்திருக்க நேரமில்லை. ரத்தத்தட்டுகள் ஒட்டாமல் தடுக்கும் டிகாக்ரிலர் அல்லது பிராசுக்ரல் மாத்திரையோடு, தேவைப்பட்டால் அதே வேலையைச் செய்யும் ஐவி மருந்தும் சேர்த்து அடைப்பைத் திறந்துவிடுங்கள். நிலைமை சீரானதும், டிஸ்சார்ஜுக்கு முன் பழக்குங்கள். முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யும் ஸ்டென்டுக்கு, பழக்கிய பிறகே கேத் லேப் (ஸ்டென்ட் வைக்கும் அறை). பழக்கவே முடியாதவருக்கு எந்த மாத்திரையைத் தனியாகத் தருவது என்பதை இதயநோய் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இவ்வளவும் வீணாவது பெரும்பாலும் வீட்டில்தான். தினமும் எடுக்கும் வரைதான் உடல் தாங்கும். இரண்டு மூன்று நாள் விட்டால் பழைய ஒவ்வாமை திரும்பலாம், அப்போது முழு மாத்திரையை வீட்டிலேயே மீண்டும் விழுங்குவது ஆபத்து. டிஸ்சார்ஜ் தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள்: “பல் பிடுங்கினாலும், வேறு ஆபரேஷன் என்றாலும், எங்களைக் கேட்காமல் ஆஸ்பிரினை நிறுத்தாதீர்கள். இரண்டு நாள் விட்டுப்போனால் மாத்திரை போடாமல் நேரே மருத்துவமனைக்கு வாருங்கள்.” மாத்திரை பெட்டியை நிரப்பும் மகளிடமோ மருமகளிடமோ இதைப் படித்துக் காட்டி, கையில் கொடுத்து அனுப்புங்கள்.