பெர்லினில் முதல் நாள்: ஞாயிற்றுக்கிழமை இறங்குபவர்களுக்கு

தனியாக பெர்லினுக்குக் குடிபோகிறீர்கள், விமானம் ஞாயிற்றுக்கிழமை இறங்குகிறது என்றால் முதலில் சாப்பாட்டைப் பற்றி யோசியுங்கள், ஏனென்றால் ஜெர்மனியில் அன்று பெரும்பாலான சூப்பர் மார்க்கெட்டுகள் சட்டப்படி மூடியிருக்கும். புது ஊரில் பசியோடு பூட்டிய கடைகளைப் பார்த்து நிற்பது மனதை ரொம்பவே சோர வைக்கும். ஹாப்ட்பான்ஹோஃப் என்கிற மத்திய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் சூப்பர் மார்க்கெட் ஞாயிறும் திறந்திருக்கும், அங்கேயே பால், ரொட்டி, முட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். குடிக்கத் தண்ணீர் வாங்க வேண்டாம், குழாய்த் தண்ணீரே நல்ல தண்ணீர்.

பெர்லின் ரயில், பஸ் கட்டணத்துக்கு ஏ, பி, சி என்று மூன்று மண்டலங்கள்; விமான நிலையம் சி மண்டலத்தில் இருப்பதால் நகருக்குள் வர மூன்றுக்கும் செல்லும் ஏபிசி டிக்கெட்தான் எடுக்க வேண்டும், ஏபி போதாது. இயந்திரத்தில் எடுத்த காகித டிக்கெட்டில் நேரம் அச்சாகவில்லை என்றால் நடைமேடையில் இருக்கும் சிறிய பெட்டியில் செருகி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ அபராதம், ஊருக்குப் புதுசு என்று சொன்னாலும் பெரும்பாலும் விட மாட்டார்கள்.

அப்புறம், சாவி வாங்கும்போதே வீட்டுக்காரரிடம் நீங்கள் குடியேறியதை உறுதிசெய்யும் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு இந்தக் கடிதம் கட்டாயம். பதிவு அலுவலகத்தில் நேரம் கிடைப்பது கஷ்டம், அதனால் அன்று இரவே இணையத்தில் தேட ஆரம்பித்துவிடுங்கள்.