பல்லைக் கடித்துக்கொள்ளச் சொல்லாதீர்கள்

எங்கள் பிரிவுக்குப் புதிதாக வரும் பிசியோதெரபிஸ்ட் பிள்ளைகளைப் பார்த்தால், பதினைந்து வருடத்துக்கு முந்தைய என்னையே பார்க்கிற மாதிரி இருக்கிறது. கட்டை நனைக்கக் கூடாது, தையலை இழுக்கக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். நரம்பு தைத்த கையில் நாம் செய்யும் தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

விரலை அழுத்தி மடக்குவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும், நானே செய்தவன் என்பதால். பட்டறையில் தகரம் கிழித்து, மணிக்கட்டில் நரம்பைத் தைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். இரண்டு மாதம் ஆகியும் ஆள்காட்டி விரல் பாதிதான் மடங்கியது. "கொஞ்சம் பொறுத்துக்கங்க அண்ணா" என்று அழுத்தினேன். பத்து டிகிரி கூடியது. நோட்டில் பெருமையாக எழுதிவைத்தேன்.

மறுநாள் கையைத் துண்டில் சுற்றி, பச்சைக் குழந்தையை ஏந்துவது போல ஏந்திக்கொண்டு வந்தார். அடிபடாத சுண்டுவிரல் வரை வீங்கிச் சிவந்து, தோல் மினுமினுத்தது. ஃபேன் காற்று பட்டாலே துடித்தார். அந்தப் பத்து டிகிரியோடு இரண்டு மாத உழைப்பும் போனது.

நரம்பு வலி வேறு, மூட்டு விறைப்பின் வலி வேறு. அடிபட்ட நரம்பும் தண்டுவடமும் ஏற்கெனவே மிரண்டு போயிருக்கின்றன. அழுத்தினால் இன்னும் மிரளும். வீக்கம், நிற மாற்றம், அந்தக் கையில் மட்டும் சூடோ குளிர்ச்சியோ வியர்வையோ சேர்ந்து தெரிந்தால் சி.ஆர்.பி.எஸ். (அடிபட்ட பிறகு வலி அளவுக்கு மீறி நீடிக்கும் கோளாறு) என்று சந்தேகப்பட்டு, அன்றே அறுவை செய்த டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அவர் கையை மீட்டது பஞ்சுதான். வலி குறைந்த ஓரத்தில் தொடங்கித் தழும்பை நோக்கி அவரே தடவினார், ஐந்தைந்து நிமிடமாக நாளுக்கு நாலு தடவை. அப்புறம் வேட்டித் துணி, டர்க்கி டவல், கடைசியில் அரிசி டப்பாவுக்குள் கை. விரலையும் அவரேதான் மடக்கினார். என் கணக்கு இதுதான்: வலி அரை மணியில் அடங்கினால் அளவு சரி, ராத்திரி வரை நின்றால் அதிகம்.

துண்டில் சுற்றியே வைப்பது

அதுவும் தப்புதான். அசையாத கை இறுகிவிடும்.

மரத்த விரலுக்கு வெந்நீர் ஒத்தடம்

கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

நாலு நாளில் மாத்திரையை நிறுத்துவது

காபாபென்டின், பிரிகாபலின் போன்ற நரம்பு வலி மாத்திரைகள் எல்லாம் பாராசிட்டமால் மாதிரி போட்டவுடன் கேட்காது. டாக்டர் மெல்லத்தான் ஏற்றுவார், பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். நிறுத்துவதையும் படிப்படியாக அவர்தான் செய்ய வேண்டும்.

"இன்னும் உணர்ச்சி வரலையே?"

தைத்த நரம்பு நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்கு ஆறு மாதமாவது வேண்டும். தட்டினால் கரண்ட் அடிக்கிற இடம்தான் நரம்பு வளர்ந்து வந்திருக்கும் இடம்; அதை மாதாமாதம் பேனாவால் குறித்துக் காட்டுங்கள். பட்டறைக்காரர் கையில் நான் வைத்த கடைசிப் புள்ளி நடுவிரலின் இரண்டாம் கணுவில் இருந்தது. அதை இரண்டு நாள் சோப்புப் போடாமல் வைத்திருந்தாராம், மனைவியிடம் காட்ட.