அப்பாவின் போனில் வானிலையும் சந்தை விலையும்: பழக்குவது எப்படி?

போன ஐப்பசியில் அப்பா சம்பாப் பயிருக்கு மேலுரம் தூவிவிட்டு வந்து கால் கழுவினார். சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. விடிந்து போய்ப் பார்த்தால் வயல் வழிந்து, உரமெல்லாம் வடிகாலோடு போயிருந்தது. மழை வரும் என்ற செய்தி அவர் சட்டைப் பையில் இருந்த போனிலேயே கிடைத்திருக்கும். எடுத்துப் பார்க்க நாங்கள்தான் சொல்லித்தரவில்லை. அதற்குப் பிறகு நான் பழக்கிய முறை இது.

1. முதலில் போன்

மொழியைத் தமிழுக்கு மாற்றி, எழுத்தைப் பெரிதாக்குங்கள். காய்ப்புக் காய்த்த விரலைத் திரை பல நேரம் ஏற்காது. அப்பா நகத்தால் குத்திக்கொண்டே இருந்தார். ஈரத்துணியில் விரலைத் துடைத்துவிட்டு, நுனிச் சதையால் மெதுவாகத் தொடச் சொன்னேன், கேட்டது. இதற்கே இரண்டு நாள் ஆனது. அவசரப்படாதீர்கள், போனைப் பிடுங்கி நீங்களே செய்துவிடாதீர்கள்.

2. செயலிக்கு முன் ஒரு போன் கால்

விவசாயிகளின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல மத்திய அரசு 2004 முதல் நடத்தும் கிசான் கால் சென்டரின் எண் 1800-180-1551. காசு கிடையாது, காலை 6 முதல் இரவு 10 வரை தமிழிலேயே பேசலாம். பயிர், ரகம், நட்டு எத்தனை நாள், இலையில் என்ன தெரிகிறது என்பதை முன்பே யோசித்து வைத்துக்கொண்டு அவரே பேசட்டும். தன் கேள்விக்குப் பதில் கிடைத்தால்தான் அடுத்ததில் ஆர்வம் வரும்.

3. மேகதூத்

இந்திய வானிலைத் துறையும் வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து 2019-ல் கொண்டுவந்த செயலி. தமிழையும் மாவட்டத்தையும் தேர்ந்தெடுத்தால் அடுத்த ஐந்து நாள் வானிலை வரும். பயிர் ஆலோசனை செவ்வாயும் வெள்ளியும் புதுப்பிக்கப்படும்.

இங்கே ஒரு வேலை செய்யுங்கள். செயலி சொன்ன மழையையும், நம் வயலில் பெய்ததையும் நாட்காட்டித் தாளில் பக்கத்தில் பக்கத்தில் குறியுங்கள். முன்னறிவிப்பு மொத்தப் பகுதிக்கும் சேர்த்துச் சொல்வது. ஒரு வயலுக்கு அப்படியே பலிக்காது. ஒரு மாதம் குறித்தால் எந்த அளவுக்கு நம்பலாம் என்பது அவருக்கே பிடிபடும். மேலுரம், மருந்து தெளிப்பு இரண்டையும் முடிவு செய்ய அது போதும்.

4. உழவன்

தமிழ்நாடு அரசின் செயலி, 2018-ல் வந்தது. சந்தை விலை, உர இருப்பு, மானியத் திட்டங்கள் எல்லாம் இருக்கும். பதிவின்போது வரும் ஓடிபியைச் செயலியில் மட்டும்தான் போட வேண்டும். போனில் யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. அரசுக் கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு விலை முன்பே தெரியும். அதனால் சந்தை விலை உளுந்துக்கும் பருத்திக்கும்தான் அதிகம் உதவும். விலை குவிண்டாலுக்கா கிலோவுக்கா என்று பாருங்கள். அப்புறம் வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலியைக் கழித்துக் கணக்குப் போடுங்கள்.

5. ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கு

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியபோது, வீராம்பட்டினம் மீனவர்களுக்குக் கடல் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஒரு கணினி ஊருக்கே போதுமானதாக இருந்தது. எங்கள் தெருவில் இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா திண்ணையில் உட்கார்ந்து ஆலோசனையைச் சத்தமாக வாசிக்கிறார். பக்கத்து வயல்காரர் மூன்று பேர் கேட்டுவிட்டுத்தான் மருந்து கலக்குகிறார்கள்.